முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டத்துல ரெண்டு பக்கத்தால செத்தவங்களையும் எப்படி சொல்றது?

குளத்துப்புழை பேரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொல்லம் ஜில்லா குளத்துப்புழை பக்கம், ஆரியங்காவு தாண்டுனா செங்கோட்டை. சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்களுக்குன்னு 1970கள்ல ஆரம்பிச்ச ரப்பர் தோட்டம் தான் எங்க ஊரு. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு எடுத்துக்கிறதா கையெழுத்து போட்டாங்கல்ல, அதுல ஒருத்தர் எங்க தாத்தா. மாத்தளையிலயும் ரப்பர் வெட்டு தான், தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் இங்க வந்தும் அதே கத்தி அதே சிரட்டை.

தாத்தாவோட தம்பி வரல. அவரு சிலோன் பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாரு. 1977 ஆகஸ்ட் கலவரத்துல லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுங்க) தீ வச்சதும் பிள்ளைகளைத் தூக்கிட்டு கிளிநொச்சி தர்மபுரம் போய் காடு வெட்டி குடியேறிட்டாரு. மலையகத்துல அடிபட்டு வன்னிக்கு ஓடுன குடும்பங்க எத்தனையோ, அதுல இவங்களும்.

2009 ஜனவரியில சண்டை தர்மபுரம் வந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு கிளம்பிட்டாங்க. சுதந்திரபுரம் பக்கம் பாதுகாப்பு வலயம், அங்க போங்கன்னு அரசாங்கமே அறிவிச்சது, இவங்களும் நம்பிப் போனாங்க. அங்க போய் தான் சின்ன பாட்டி செல் (பீரங்கிக் குண்டு) விழுந்து செத்தாங்க, சோறு வடிச்சிட்டு இருந்தப்ப. அப்புறம் மார்ச் மாசம் முல்லைத்தீவு கடற்கரை மாத்தளன்ல அத்தையோட (சின்ன தாத்தா மகள்) மூத்த பொண்ணை இயக்கம், அதாவது புலிகள், பிடிச்சிட்டு போச்சு. 17 வயசு. தண்ணி எடுக்கப் போன இடத்துல இருந்து. மூணாவது நாள் அத்தை தேடிப் போய் பாத்தப்போ தலைமுடியை கழுத்தோட ஒட்ட வெட்டி விட்டிருந்தாங்களாம், "அம்மா என்னை இங்க வச்சு கூப்பிடாத, போ"ன்னு சொன்னாளாம். அவ்வளவு தான். ஆளும் வரல, உடம்பும் வரல.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க வாயனசாலையில (நூலகம்) வருஷா வருஷம், 2009ல முள்ளிவாய்க்கால்ல போர் முடிஞ்ச மே 18 அன்னைக்கு, கூட்டம் நடக்கும், முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவோம், அரிசியும் உப்பும் தண்ணியும் மட்டும் தான். இந்த வருஷம் நான் பேசணும்னு சொல்லி ஒரு பேப்பர் குடுத்தாங்க, எந்தெந்த கொலையைச் சொல்லணும்னு. 83 ஜூலை கலவரம், குமுதினி படகு, நவாலி சர்ச் மேலயும் செஞ்சோலை மேலயும் பிளேன் குண்டு போட்டது, 2009. எல்லாமே நடந்தது, எல்லாமே உண்மை. ஆனா அதுல என் அத்தை பொண்ணுக்கு இடம் இல்ல. கேட்டதுக்கு கமிட்டி அண்ணன் "அதெல்லாம் நமக்குள்ள பேசிக்கலாம்டா தம்பி, மைக்ல வேண்டாம், எதிரிக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்"ன்னாரு. அவரு கெட்டவர் இல்ல, அவரோட அண்ணனும் 83 கலவரத்துல செத்துப் போனவரு தான். நான் அன்னைக்கு ராத்திரி தர்மபுரத்துக்கு வாட்ஸாப்ல பேசுனேன், அத்தை ஒரே வார்த்தை தான் சொன்னாங்க, "அம்மாவைச் சொன்னா அவளையும் சொல்லு, இல்லன்னா ரெண்டு பேரையும் சொல்லாத."

அதனால கேக்குறேன். ரெண்டையும் சொன்னா ஆமி செஞ்சது பாதியா கொறைஞ்ச மாதிரி கேக்குறவங்களுக்குத் தோணிடுமா? எந்த வரிசையில, எப்படி சொல்லணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வன்னி அக்கா, கும்மிடிப்பூண்டி எழுதியது:

தம்பி உங்கட கேள்வியைப் பாத்திட்டு ரெண்டு நாள் எழுதேலாமல் இருந்தனான். நான் 2010ல இஞ்ச வந்தனான், ஆந்திரா போற ரோட்டில முகாம்.

உங்கட அத்தை சொல்லுறது தான் சரி. மாசி பங்குனி நாங்கள் வலைஞர்மடத்தில. கடற்கரை மண், ரெண்டடி தோண்டினால் தண்ணி வந்திடும், பங்கர் நிக்காது. அதால சீலையை வெட்டி பை தைச்சு மண் நிரப்பி அடுக்கிறது. சனம் எல்லாம் உள்ள சீலையை வெட்டினது, நான் என்ர கூறைச்சீலையையும் வெட்டினனான், அந்த மூட்டைக்கு மட்டும் சரிகைக்கரை வெளியில தெரியும், வெயில் பட்டால் மின்னும், பிளேனுக்கு தெரியும் எண்டு மனுசன் அதுக்கு மேல சேறு பூசினவர்.

ஒரு பக்கம் செல். பொக்கணையில பால்மாவுக்கு நிண்ட லைன்ல விழுந்தது, தாய்மாரும் பிள்ளையளும் தான் அந்த லைன்ல நிண்டது. ஆஸ்பத்திரி ஒவ்வொண்டா பின்னால பின்னால மாத்தி மாத்தி வந்தது, புதுக்குடியிருப்பில அடிச்சவங்கள், மாத்தளன்ல பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியா வச்சிருந்தது, அங்கயும் அடி. செஞ்சிலுவைக் கப்பல் வந்தால் காயக்காரரை மட்டும் ஏத்தும், ஏத்திற இடத்திலயும் செல் விழும்.

மற்றப் பக்கம் பிள்ளை பிடிக்கிறது. முதல்ல வீட்டுக்கு ஒராள் எண்டவை, பிறகு கணக்கே இல்லை. கலியாணம் கட்டினால் விடுவினம் எண்டு 15, 16 வயசில சனம் பிள்ளையளுக்கு தாலி கட்டி வச்சது. பிறகு கட்டினதுகளையும் பிடிச்சவை. வலைஞர்மடம் சேர்ச்சுக்குள்ள அடைக்கலம் எண்டு இருந்த பிள்ளையளையே வந்து இழுத்துக்கொண்டு போனவை, தாய்மார் காலைப் பிடிச்சு கத்தினது எனக்கு இப்பவும் கேக்குது. நாங்கள் தங்கச்சியின்ர மகளுக்கு தனியா ஒரு கிடங்கு வெட்டி, மேல தகரம், தகரத்துக்கு மேல மண், மண்ணுக்கு மேல அடுப்பு வச்சம். எரியிற அடுப்பை ஆரும் தள்ளிப் பாக்க மாட்டினம் எண்டு. மூச்சுக்கு ஒரு பைப் துண்டு. காலமை தொடங்கி பொழுதுபடும் வரைக்கும் அவள் அதுக்குள்ள. சமைக்க ஒண்டும் இல்லாட்டிலும் வெறும் தண்ணியை கொதிக்க வச்சுக்கொண்டு இருந்தனாங்கள்.

ஒரு இரவு களப்புக்கால (கடலேரி) தப்பிப் போக இறங்கினம், கழுத்தளவு தண்ணி, பின்னால இருந்து எங்கட ஆக்களே சுட்டது. எங்களோட வந்த ஒரு ஐயா அதிலயே தாண்டு போனார். சுட்ட பொடியனுக்கும் பதினாறு பதினேழு தான் இருக்கும், அவனையும் ஆரோ ஒரு தாயிட்ட இருந்து பிடிச்சுக்கொண்டு வந்திருப்பினம். நாங்கள் திரும்பி வந்திட்டம். பிறகு ஏப்ரல் 20 ஆமி மண் அணையை உடைச்சு வந்த அண்டைக்கு தான் வெளியில வந்தது. ஓமந்தை சோதனைச் சாவடியில "இயக்கத்தில ஒரு நாள் இருந்திருந்தாலும் எழும்பி வாங்கோ, விசாரிச்சிட்டு விட்டிடுவம்" எண்டு ஒலிபெருக்கியில சொன்னவங்கள். எழும்பிப் போன கனபேரை அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்ல. பிறகு மெனிக் பாம் முகாம், முள்ளுக்கம்பி, தண்ணிக்கு லைன், அங்க ஒரு வருசத்துக்கு கிட்ட.

இதுல எதை விட்டிட்டு எதை சொல்லுறது தம்பி. நடந்தது ஒரே நாளில, ஒரே சனத்துக்கு.

சூளூர்பேட்டை தமிழன் எழுதியது:

அக்கா எழுதுனதைப் படிச்சுட்டு பதில் போட கஷ்டமா இருக்கு, ஆனாலும் சொல்றேன், கோவப்படாதீங்க. "ரெண்டு பக்கமும் தப்பு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அது எங்க இருந்து எங்க போய் நிக்குதுன்னு நான் பதினஞ்சு வருஷமா பாத்துட்டு இருக்கேன். எப்ப விசாரணைன்னு பேச்சு வந்தாலும் கொழும்பு அதைத் தான் எடுக்குது, அவங்களும் தான் செஞ்சாங்கன்னு. அத்தோட பேச்சு முடிஞ்சுடும்.

புலிகள் பக்கம் தலைமையில இருந்தவங்க பெரும்பாலும் செத்தாச்சு, யாரை கூண்டுல ஏத்துவீங்க? இன்னொரு பக்கம் பதவி உயர்வு வாங்கிட்டாங்க. மிருசுவில்ல 2000 டிசம்பர்ல சொந்த வீட்டைப் பாக்கப் போன எட்டு பேரைக் கொன்னு மலக்குழியில போட்டாங்க, அதுல சின்னப் பசங்களும் இருந்தாங்க, பதினஞ்சு வருஷம் கழிச்சு 2015ல ஒரே ஒரு சார்ஜன்ட்டுக்கு மரண தண்டனை குடுத்தாங்க, 2020 மார்ச்ல அப்ப ஜனாதிபதியா இருந்த கோத்தபாய மன்னிப்பு குடுத்து வெளிய விட்டாரு. நாடே கொரோனா பயத்துல இருந்த நேரம் பாத்து. அந்த எட்டு பேர் வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? செம்மணியில 1999ல தோண்டி 15 உடம்பு எடுத்தாங்க, அப்படியே விட்டாங்க, 2025ல சித்துப்பாத்தி மயானத்துல மறுபடி தோண்டுனா 200க்கு மேல எலும்புக்கூடு, பிள்ளைங்க எலும்பும் பள்ளிக்கூடப் பையும் கூட. இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். வரி வாங்குறவன், பாஸ்போர்ட் குடுக்குறவன், உன் குடிமகன்னு சொல்லிக்கிறவன் பிளேன்ல வந்து குண்டு போட்டான்னா அது வேற கணக்கு தான்.

தம்பி உங்க அத்தை பொண்ணு கதை உண்மை. சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல. தராசு மாதிரி வச்சு சொல்லாதீங்கன்னு தான் சொல்றேன்.

சித்தூர் வக்கீல், பாலக்காடு எழுதியது:

சூளூர்பேட்டை நண்பர் பயம் நியாயம். ஆனா சட்டம் இதை எப்பவோ யோசிச்சு வச்சிருக்கு, அதைக் கொஞ்சம் சொல்றேன்.

ஒரு நாட்டுக்குள்ளயே நடக்குற சண்டைக்கு ஜெனீவா ஒப்பந்தங்கள் நாலுலயும் பொதுவா வர்ற 3ஆவது பிரிவு பொருந்தும். சண்டையில இல்லாதவனை, ஆயுதத்தைக் கீழ போட்டவனை, காயம்பட்டவனை கொல்லக் கூடாது, பணயமா பிடிக்கக் கூடாது. இதை "சண்டையில இருக்குற ஒவ்வொரு தரப்பும்"னு எழுதியிருக்காங்க, அரசாங்கம்னு மட்டும் எழுதல. அதோட முக்கியமா, நீ மீறுனா நானும் மீறுவேன்கிற பேச்சே இங்க கிடையாது. இயக்கம் மக்களை முன்னாடி நிறுத்துனது குற்றம். அந்த மக்கள் மேல பீரங்கி அடிச்சது தனிக் குற்றம். முதல் குற்றம் ரெண்டாவது குற்றத்துக்கு லைசென்ஸ் இல்ல. இதுல கூட்டல் கழித்தல் ஒன்னும் இல்ல, ஒவ்வொருத்தன் மேலயும் தனித்தனி கேஸ், அவ்வளவு தான். எங்க கோர்ட்லயே பாருங்க, ரெண்டு குடும்பம் வெட்டிக்கிட்டா ரெண்டு எஃப்ஐஆர் போடுவாங்க, ஒன்னைக் காட்டி இன்னொன்னை தள்ளுபடி பண்ண மாட்டாங்க.

ஐநா பொதுச்செயலர் போட்ட மூணு பேர் நிபுணர் குழு 2011 மார்ச்ல அப்படித் தான் எழுதுச்சு. அரசாங்கம் மேல அஞ்சு வகை குற்றச்சாட்டு, நம்பத்தகுந்ததுன்னு: பரவலா பீரங்கி அடிச்சு மக்களைக் கொன்னது, ஆஸ்பத்திரி மேல அடிச்சது, சாப்பாடு மருந்து போகவிடாம செஞ்சது, வெளிய வந்தவங்களை நடத்துன விதம், போர்க்களத்துக்கு வெளிய பத்திரிகைக்காரங்களையும் விமர்சிச்சவங்களையும் செஞ்சது. புலிகள் மேல ஆறு வகை: மக்களைத் தடுப்புச் சுவர் மாதிரி நடுவுல வச்சது, தப்பிக்கப் பாத்தவங்களைச் சுட்டது, மக்களுக்குப் பக்கத்துல ஆயுதம் வச்சு அடிச்சது, பிள்ளைகளைக் கட்டாயமா சேர்த்தது, கட்டாய வேலை வாங்குனது, தற்கொலைத் தாக்குதல்ல மக்களைக் கொன்னது. அதே அறிக்கை தான் கடைசிக் கட்டத்துல 40,000 வரைக்கும் மக்கள் செத்திருக்கலாம்னும், அதுல பெரும்பாலானது அரசாங்க பீரங்கியாலன்னும் சொல்லுது. ஆக ரெண்டு பக்கத்தையும் எழுதுனதால அளவு மறைஞ்சு போகல பாருங்க.

இன்னொன்னும் சொல்லணும், நம்ம இந்தியாவுல உக்காந்து பேசுறதால. 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்னைக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம அமைதிப்படை புகுந்து டாக்டர், நர்ஸ், நோயாளின்னு அறுபதுக்கு மேல கொன்னுச்சு. உங்க கமிட்டி பேப்பர்ல அது இருக்கா தம்பி? இல்லன்னா சேருங்க.

வரிசை கேட்டீங்க. தரப்பு வாரியா பிரிக்காதீங்க, தேதி வாரியா போடுங்க. 1985 மே 14 அனுராதபுரம், பஸ் ஸ்டாண்டுலயும் போதி மரத்துக் கோயில்லயும் சிங்கள மக்கள் நூத்துக்கு மேல பேரை புலிகள் சுட்டது. மறுநாள் மே 15 நெடுந்தீவுல இருந்து வந்த குமுதினி படகு, கடற்படை ஏறி கைக்குழந்தை உட்பட வெட்டுனது. காலண்டர்ல பக்கத்து பக்கத்து கட்டம்.

தென்மலை பாய் எழுதியது:

வக்கீல் சார் தேதி வரிசைன்னு சொன்னதால இதையும் போட்டுக்கோங்க. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடி பள்ளிவாசல், இஷா தொழுகையில இருந்தவங்க, நூத்துக்கு மேல, பின்னாடி இருந்து சுட்டது. புலிகள். அடுத்த மாசம் செப்டம்பர் 5 வந்தாறுமூலை பல்கலைக்கழக முகாம்ல இருந்து தமிழ் ஆளுங்க 158 பேரை ஆமி கூட்டிட்டு போனது, 9ஆம் தேதி சத்துருக்கொண்டான்ல ஆமி தமிழ் மக்களைக் கொன்னது. அக்டோபர் கடைசியில வடக்குல இருந்த முஸ்லிம் மொத்தமும், எழுபதாயிரத்துக்கு மேல, வெளிய போன்னு புலிகள் துரத்துனது. மூணு மாசத்துல இவ்வளவும்.

சவுதி தம்மாம்ல எங்கூட ஒரே ரூம்ல ஆறு வருஷம் இருந்தவரு யாழ்ப்பாணம் சோனகத்தெரு முஸ்லிம், புத்தளத்துல குடும்பம். அக்டோபர் 30 அன்னைக்கு ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி ரெண்டு மணி நேரம் டைம் குடுத்தாங்களாம். போற வழியில நகையெல்லாம் கழட்டிக் குடுக்கணும். இவரு தங்கச்சிக்கு அப்ப அஞ்சு வயசு, காதுத்தோடு கழட்ட வரல, திருகாணி இறுகிப் போச்சு, இயக்கப் பொண்ணு ஒருத்தி சோப்பு கொண்டு வந்து பொறுமையா நோகாம கழட்டுச்சாம். "நோகாம தான் கழட்டுச்சு மச்சான்"னு அவரு அதைத் தான் திரும்பத் திரும்ப சொல்லுவாரு, எனக்கு அந்த வார்த்தை தான் தாங்க முடியாது. ராத்திரி ரூம்ல நாங்க பேசுறது தமிழ் தான், அவரு கனவுல பேசுறதும் தமிழ் தான், ஆனா தமிழர்னு யாராச்சும் கணக்கு எடுத்தா அவரு அதுல வர மாட்டாரு. 2002 ஏப்ரல் கிளிநொச்சியில நடந்த பத்திரிகையாளர் சந்திப்புல புலிகளோட அரசியல் ஆலோசகர் ஆன்டன் பாலசிங்கம் அது தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டதால இயக்கத்துக்கு ஒன்னும் கொறைஞ்சு போகல, நண்பர் அன்னைக்கு தான் முதல்தடவையா யாழ்ப்பாணம் போய்ப் பாக்கலாமான்னு யோசிச்சாரு.

சூளூர்பேட்டை தமிழன் எழுதியது:

பாய், வக்கீல் சார், அக்கா. தேதி வரிசைன்னா எனக்கு ஆட்சேபம் இல்ல. நான் பயந்தது தராசுக்குத் தான். ஒரே ஒரு வேண்டுகோள், ஒவ்வொன்னுக்கும் யார் செஞ்சதுன்னு பேர் சொல்லி சொல்லுங்க, "கொல்லப்பட்டனர்"னு மொட்டையா விடாதீங்க. அப்புறம் காணாமப் போன பிள்ளைகளுக்காக வவுனியாவுலயும் கிளிநொச்சியிலயும் 2017 பிப்ரவரியில இருந்து ரோட்டோரம் உக்காந்திருக்குற அம்மாக்களையும் சொல்லுங்க. பதில் கிடைக்காமலே அதுல பல அம்மாக்கள் செத்துப் போயிட்டாங்க.

குளத்துப்புழை பேரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, வேற என்ன சொல்றதுன்னு தெரியல. வக்கீல் சார் சொன்ன மாதிரி தேதி வரிசையில எழுதிட்டேன், யார் செஞ்சதுன்னு ஒவ்வொன்னுக்கும் போட்டேன், அமைதிப்படையையும் காத்தான்குடியையும் சேர்த்துட்டேன். நேத்து சாயங்காலம் ஒட்டுப்பால் எடை போட்டு முடிச்சதும் கமிட்டி அண்ணன்கிட்ட குடுத்தேன். சிரட்டை கழுவுற தொட்டி மேல உக்காந்து முழுசும் படிச்சாரு. அனுராதபுரம் வந்த இடத்துல நிறுத்தி கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். "இதுல குழந்தைங்க இருந்துச்சா"ன்னு கேட்டாரு. இருந்துச்சுண்ணேன்னேன். திருப்பிக் குடுத்துட்டு, கமிட்டியில மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க, நான் பேசிப் பாக்குறேன், ஆனா உன் அத்தை பொண்ணை மட்டும் நீயே சொல்லு, வேற யாரையும் படிக்க விடாதன்னு சொல்லிட்டுப் போனாரு.

வன்னி அக்கா, உங்க கிட்ட ஒன்னு கேக்கணும். அத்தை ஒரு போட்டோ அனுப்பியிருக்காங்க, ரெட்டைச் சடை போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம்ல, 2008ல எடுத்தது. கூட்டத்துல அதை வைக்கலாமா, இல்ல அங்க இருக்குற குடும்பத்துக்கு ஏதாவது பிரச்சனை வருமா? அத்தை வைன்னு தான் சொல்றாங்க, ஆனா ஊர்ல இன்னும் ஆமி கேம்ப் பக்கத்துலயே இருக்கு.

வன்னி அக்கா, கும்மிடிப்பூண்டி எழுதியது:

வையுங்கோ தம்பி. பேரும் ஊரும் எழுத வேண்டாம், போட்டோவை மட்டும் வையுங்கோ. பேஸ்புக்கில ஒருத்தரையும் போட விடாதேங்கோ. கஞ்சி காய்ச்சேக்க சின்ன பாட்டிக்கு ஒரு சிரட்டையும் அந்தப் பிள்ளைக்கு ஒரு சிரட்டையும் எடுத்து வையுங்கோ, எங்கட முகாமில நாங்கள் அப்பிடித் தான் வைக்கிறனாங்கள்.